பாதிக் கடலில் திரும்பி வந்த மைனிக்கு

மைனி,

இன்று காலை நீச்சல் பையைக் கவிழ்த்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். பக்கத்து ஜிப்பைத் திறந்தபோது உள்ளே ஒரு ரப்பர்த் தொப்பி சுருண்டு கிடந்தது. மஞ்சள் நிறம். என்னுடையது நீலம். விரித்ததும் செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. எண்ணெய்த் தலையோடு தொப்பி போட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "எண்ண வைக்காம தலைய தண்ணிக்குள்ள விட்டா நீர்க்கோவ பிடிக்கும் ஏட்டி" என்று நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ஓரமெல்லாம் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கழுவ மனம் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்வரை உங்கள் தலை எண்ணெயின் வாசம்கூட எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் வலிக்கிறது. நீங்கள் என் சொந்த அண்ணனின் மனைவி. நாகர்கோவிலில் நான், கொட்டாரத்தில் நீங்கள். பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட இல்லை. பொங்கலுக்கு வருவேன், கோயில் கொடைக்கு வருவேன். நீங்கள் டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைப்பீர்கள். "பிள்ளைகளுக்குப் பரீட்சையா?" என்பீர்கள். ஆமாம் என்பேன். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. நீங்கள் அடுக்களைக்குள் போய்விடுவீர்கள், நான் அண்ணனோடு பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன். நமக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருப்போம்.

அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் டாக்டர் சொன்னார் என்று கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினான். இரண்டு வாரம் ஓட்டியிருப்பான். பிறகு அது வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் சாக்குப் போர்த்தி நின்றது. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். ஒரு வருடம் கழிந்த பிறகு சித்தி எனக்குப் போன் செய்தாள். நீங்கள் விடியற்காலையில் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மகனுடைய பழைய டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரத்துச் சானல்கரையில் போகிறீர்களாம். ஊரே பார்க்கிறதாம். புருஷன் போன பொம்பளை செய்கிற காரியமா, நீ போய்ப் பக்குவமாகச் சொல்லு என்றாள். மருந்தகத்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று நாள்முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. சித்தியிடம் முடியாது என்று சொல்லத் தெரியாமல்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாரத்துக்கு வந்தேன்.

நீங்கள் கிணற்றடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். முழங்கால் பக்கம் பேண்ட் கிழிந்து உள்ளே தோல் வழன்றிருந்தது. என்னைப் பார்த்ததும் உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"யாரு சொல்லி அனுப்பினா? சித்தியா?"

நீங்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திண்டில் உட்கார்ந்தீர்கள். சைக்கிளை விற்றுவிடலாம் என்று உங்கள் மகன் பெங்களூரிலிருந்து சொன்னதையும், ஒருவன் பார்க்க வந்ததையும் அன்றுதான் சொன்னீர்கள். ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவன் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தானாம்.

"உங்க அண்ணன் ஆசையா வாங்கினது. அவரு மனசு தீர சவுட்டாத சைக்கிள வேற ஒருத்தன் சவுட்டிட்டுப் போறத என்னால பாக்க முடியல. குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். குடுக்காம வச்சிருந்தா துருப்பிடிச்சுல்லா போகும்? அதான் நானே எடுத்தேன். ஏறின பொறவு எறங்க மனசு வரல, கேட்டியா?"

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. நீங்கள் சைக்கிளை என் பக்கம் தள்ளி, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சொல்லவேண்டியதைச் சொல்லு என்றீர்கள். கல்லூரிக்குப் போன காலத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். நீங்கள் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்தீர்கள். வயலுக்கு நடுவே சானல்கரை நேராகப் போனது. நாற்று நட்ட வயலின் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். எங்கேயோ பின்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது அப்போது. சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரையை வீட்டுக்கு வந்து நானும் விழுங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு சாதாரண லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்து வட்டக்கோட்டை வரை சைக்கிளில் போகிற ஒரு சிறு கூட்டம் இருந்தது. பேங்க்காரர்கள், இரண்டு டாக்டர்கள், ஒரு பல் டாக்டரம்மா. அவர்களோடு சேர்ந்தோம். கோட்டை வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாதான் டிரையத்லான் பற்றிச் சொன்னார். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம், நடுவில் ஓய்வு கிடையாது என்றார்.

"மூணையும் ஒரே மூச்சுலயா? அடுக்களச் சோலி மாதிரில்லா இருக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் மிதித்துக்கொண்டு வந்தீர்கள். கொட்டாரம் முக்கில் பிரியும்போது, "எனக்கு நீச்சல் தெரியும் மக்கா" என்றீர்கள். ஏதோ ரகசியத்தைச் சொல்வது போல இருந்தது.

அடுத்த வாரம் உங்கள் பிறந்த ஊர்க் குளத்துக்குப் போனோம். வயதுக்கு வந்த அன்றோடு உங்களைக் குளத்துக்கு விடாமல் நிறுத்திவிட்டார்களாம். அதுவரை ஆண்பிள்ளைகளோடு போட்டி போட்டுக் குறுக்கே நீந்தியவராம் நீங்கள். பெண்கள் துறையில் அன்று யாரும் இல்லை. சுடிதாரோடு இறங்கினீர்கள். கழுத்தளவு தண்ணீரில் சற்று நின்றீர்கள். பிறகு தலை மறைந்தது. எனக்குப் பதறிவிட்டது, மைனி மைனி என்று கூப்பிட்டேன். தாமரை இலைகளுக்கு அப்பால், நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி எழுந்தீர்கள். அங்கேயே மல்லாந்து மிதந்தீர்கள். நீங்களாகத் திரும்பி வரும்வரை நான் மறுபடி கூப்பிடவில்லை. படியில் வந்து உட்கார்ந்தபோது உங்கள் கண்கள் சிவந்திருந்தன.

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "தண்ணிய எதுக்கு இந்த அடி அடிக்க? அது உனக்கு என்ன செஞ்சுது?" என்பீர்கள். உங்கள் கை அடியில் இல்லை என்று எனக்குத் தெரிந்த நாள் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. எப்போது கையை எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. நான் மிதந்துகொண்டிருந்தேன். காதுக்குள் தண்ணீரின் சத்தம் மட்டும்தான் இருந்தது. என் உடம்பு எனக்கு எதிரி இல்லை என்று நான் உணர்ந்தது அப்போதுதான். அன்று மருந்தகத்தில் வரிசையில் நின்றவர்களெல்லாம், "என்ன அம்மா, இன்னைக்கு மொகம் தெளிஞ்சு இருக்கு" என்று கேட்டார்கள். விடுப்பு கேட்கக்கூடப் பயப்படுகிற நான், சனிக்கிழமை மாலை வேலையை எனக்கே போடாதீர்கள் என்று மேலதிகாரியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் சரி என்றார். இத்தனை வருடம் கேட்காததால்தான் கிடைக்கவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் சித்தி நம் இருவரையும் பிடித்துக்கொண்டாள். பந்தியில் இருந்தவர்கள் காதுபடவே, "இந்த வயசுல ரெண்டு பேரும் ஒடம்ப காட்டிக்கிட்டு அலையிதியளாமே" என்றாள். நீங்கள் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே, "காட்டல்ல சித்தி, பாத்துக்கிடுகோம். இத்தன நாளு அடுத்தவங்க ஒடம்பத்தானே பாத்தோம்" என்றீர்கள். அன்று பஸ்ஸில் வரும்போது நீங்கள் சொன்னீர்கள்:

"உனக்கு என்னைப் பிடிக்காதுன்னுல்லா இத்தன வருசம் நெனச்சிட்டு இருந்தேன். உங்க அண்ணன பிரிச்சுக் கொண்டு போயிட்டேன்னு."

உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்காது என்று நானும் நினைத்திருந்ததாகச் சொன்னேன். நான் வந்தால் நீங்கள் அடுக்களைக்குள் போய்விடுவது அதனால்தான் என்று நினைத்தேன் என்றேன். அண்ணனும் தங்கையும் பேசும்போது நடுவில் இருக்கக்கூடாது என்றல்லவா போனேன் என்றீர்கள். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். இரண்டு பேரில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அண்ணன் இருக்கும்போதே கேட்டிருந்தால் நாம் இப்படிச் சேர்ந்திருப்பதை அவனும் பார்த்திருப்பான்.

பந்தயத்துக்குக் கேரளத்துக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போனோம். இருப்பதிலேயே சின்னப் பந்தயம்தான். ஆனால் நீச்சல் கடலில். அதற்காகவே பல் டாக்டரம்மாவோடு பல தடவை நம் கடலில் பழகியிருந்தோம். இருந்தும் விசில் ஊதியதும் அத்தனை கைகளும் கால்களும் ஒன்றாகத் தண்ணீரைக் கலக்கியபோது நான் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் மஞ்சள் தொப்பி வழி காட்டக் கட்டியிருந்த முதல் மிதவையைத் தாண்டியதைப் பார்த்தேன். நான் அந்த மிதவையை நெருங்கியபோது நீச்சல் கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தது. கழற்றினேன். ஒரு அலை வாய்க்குள் போயிற்று. நெஞ்சுக்குள் காற்று போகவில்லை. காப்பாற்றுகிறவர்களின் படகு எங்கே என்று பார்க்கக்கூடத் தெரியாமல் கையை வீசினேன்.

நீங்கள் எதற்காகத் திரும்பிப் பார்த்தீர்களோ தெரியாது. எல்லோரும் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்க, ஒரே ஒரு தொப்பி மட்டும் எதிர்த்திசையில் வந்தது. என்னைத் தொடவில்லை. ஒரு கை தூரத்தில் நின்று நீந்திக்கொண்டே, "என் மொகத்தப் பாரு. கரையப் பாக்காத. மொகத்தப் பாரு" என்றீர்கள். மூச்சு சீராகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். படகு பக்கத்தில் வந்தது. ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டீர்கள். மாட்டேன் என்று தலையாட்டினேன். அப்படியானால் பைய வா என்று தவளை நீச்சலில் என்னைக் கூட்டிக்கொண்டு மிதவைகளைச் சுற்றி வந்தீர்கள். நாம் கரையேறியபோது நீச்சலுக்கான நேரம் முடிந்திருந்தது. ஒரு பையன் மிகவும் மரியாதையாக நேரம் குறிக்க நம் கணுக்காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துக்கொண்டான். அண்ணனின் சைக்கிள் அங்கே கம்பியில் தொங்கியது. அன்று அதை நீங்கள் தள்ளிக்கொண்டுதான் போனீர்கள்.

நான் அழுதேன். உங்களால் முடித்திருக்க முடியும். உங்களைவிடச் சின்னவர்கள் பலர் அப்போது உங்களுக்குப் பின்னால் இருந்தார்கள். ரோட்டோர டீக்கடையில் பழம்பொரி வாங்கி என் கையில் வைத்து, தின்னு என்றீர்கள். ஏன் திரும்பி வந்தீர்கள், படகுதான் இருந்ததே என்று கேட்டேன். நீங்கள் டீயை ஆற்றினீர்கள்.

"நான் மட்டும் கரையேறிப்போயி யாருகிட்ட மக்கா சொல்ல? அடுத்த வருசம் வருவோம். ரெண்டுபேருமா முடிப்போம்."

அடுத்த வருடம் என்பது கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது போலத்தான் நானும் கேட்டுக்கொண்டேன். எனக்கு இப்போதும் அந்த டீக்கடை கனவில் வருகிறது. கனவில் நான் உங்களைப் போட்டி நடக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறேன்.

சில மாதங்களில் சானல்கரை ஓட்டத்தில் நீங்கள் பின்தங்க ஆரம்பித்தீர்கள். வயிறு உப்பினாற்போல இருக்கிறது, வயசாகிறதல்லவா என்றீர்கள். மருந்தகத்தில் இருக்கிறவள் நான், வாயு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு நெய்யூர் கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் தொடங்கி எங்கெல்லாமோ பரவியிருக்கிறது என்றார்கள். மகன் பெங்களூரிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்து உங்கள் பக்கத்திலேயே இருந்தான்.

நான் தினமும் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தீர்கள். பிறகு, "காலையில இங்க வராத. காலையில தண்ணிக்குப் போ. அது முடிஞ்ச பொறவு வா" என்றீர்கள். கோபமாகச் சொன்னீர்கள். அதிலிருந்து நீந்திவிட்டு, காயாத தலையோடு வருவேன். நீங்கள் என் பின்னலை இழுத்து முகர்ந்து பார்ப்பீர்கள். இன்றைக்குக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்தப் பக்கம் தாமரை படர்ந்திருக்கிறது, எத்தனை சுற்றுப் போனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். உங்களுக்குக் குரல் குறையக் குறைய நான் நீளமாகச் சொல்லப் பழகினேன். நடுவில் நாரை வந்தது, மீன் காலில் உரசியது என்று நடக்காததையும் சேர்த்துக்கொள்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். மருந்தால் முடி எல்லாம் கொட்டிப்போயிருந்தது. எண்ணெய் வைக்கத் தலையில் ஒன்றும் இல்லை.

நீங்கள் போனது அப்படி ஒரு காலையில்தான். நான் குளத்தின் நடுவில் இருந்தேன். திரும்பி நீந்தி வரும்போது படித்துறையில் என் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்தது. அவர் அங்கே வருகிறவர் இல்லை. கையில் போனைப் பிடித்திருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் கரைக்கு வரும்வரை அப்படியே நின்றார். பாதித் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மிச்சத் தூரத்தை நீந்தித்தானே வரவேண்டும். அன்று அந்தத் தூரம் முடியவே இல்லை, மைனி.

நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். தண்ணீருக்குப் போ என்றீர்கள், போனேன். எல்லோரும் அதைத்தான் சொல்லி என்னைத் தேற்றுகிறார்கள். கடைசி மூச்சின்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் இல்லை என்பது அதனால் மாறிவிடவில்லை. கடலில் எனக்காகத் திரும்பி வந்தவர் நீங்கள். திரும்பி வரவேண்டிய முறை எனக்கு வந்தபோது நான் வேறு ஒரு தண்ணீரில் இருந்தேன்.

இந்த வருடம் அதே ஊரில் அதே பந்தயத்தில் கலந்துகொண்டேன். அண்ணனின் சைக்கிளை உங்கள் மகன் என்னிடம் கொடுத்திருந்தான். உயரம் அதிகம் என்று சீட்டை இறக்கிக்கொண்டேன். கடல் அன்று அமைதியாக இருந்தது, எனக்குப் பயம் வரவில்லை. கரையேறியபோது நேரம் மிச்சம் இருந்தது. சைக்கிளில் எதிர்க்காற்று. ஓட்டத்தில் பாதிக்கு மேல் நடந்தேன். கடைசியாக வந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. கழுத்தில் ஒரு மெடல் போட்டார்கள். வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். போட்டோவில் நான் சிரிக்கிறேன், சந்தோஷம் பொய் இல்லை. ஐம்பது வயதில் இதைச் செய்தோம் என்று உடம்பு முழுக்க ஒரு துள்ளல் இருந்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் இன்னொருத்திக்கு இடம் விட்டாற்போல ஒதுங்கி நிற்கிறேன். அதைப் போட்டோவில் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூட்டத்தோடு கடலுக்குப் போகிறேன். புதிதாகப் பயிற்சி கொடுக்க ஒருவர் வருகிறார், விவரம் தெரிந்தவர். என் நீச்சலைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒரு குறை இருக்கிறது அம்மா என்றார். மூச்சு எடுக்க ஒரே பக்கம்தான் முகத்தைத் திருப்புகிறீர்கள், கடலில் அலை எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், இரண்டு பக்கமும் பழகவேண்டும் என்றார். நானும் முயன்று பார்க்கிறேன். வலப்பக்கம் திரும்பினால் தண்ணீர்தான் வாய்க்குள் போகிறது. எப்படி இந்தப் பழக்கம் வந்தது, முதலில் சொல்லிக்கொடுத்தவர் கவனிக்கவில்லையா என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தவர் எப்போதும் என் இடப்பக்கமாகத்தான் நீந்தி வருவார் என்றேன்.